பி.எட்.டா, ஃபெல்லோஷிப்பா, எம்.ஏ.வா, பகுதிநேரப் பட்டயமா? சமூகக் களப்பணியோடு கல்வி படிக்க நான்கு வழிகள்

டிகிரி முடித்தாயிற்று. கல்வித் துறையில் வேலை செய்ய வேண்டும், வகுப்பறைக்குள் மட்டும் அல்லாமல் ஊரோடும் பெற்றோரோடும் சேர்ந்து செய்ய வேண்டும், கடைசியில் கையில் ஒரு சான்றிதழும் இருக்க வேண்டும். இப்படி நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் நான்கு வழிகள் கண்ணில் படுகின்றன: பி.எட்., மாத உதவித்தொகையோடு களத்தில் வேலை செய்யும் இரண்டு வருட ஃபெல்லோஷிப், எம்.ஏ. கல்வி, வேலையில் இருந்துகொண்டே படிக்கும் முதுநிலைப் பட்டயம் அல்லது சான்றிதழ். நான்கின் விளம்பரத்திலும் ‘களப்பணி’, ‘சமூகம்’, ‘மாற்றம்’ என்ற சொற்கள் இருக்கும். விண்ணப்பிப்பவர் குழம்புவதும் அதனால்தான். உள்ளே போய்ப் பார்த்தால் நான்கும் நான்கு வேறு பொருள்கள்.

## எதை வைத்து எடை போடுவது

சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும்? முதல் கேள்வி இதுதான். இங்கே ஏமாறுபவர்களும் அதிகம். பள்ளியில் ஆசிரியராகச் சட்டப்படி நிற்க, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) ஏற்ற தகுதி வேண்டும். பி.எட்., டி.எல்.எட். (தொடக்கக் கல்விப் பட்டயம்) போன்றவை அந்த வகை. எம்.ஏ. கல்வி அந்த வகை இல்லை, ஃபெல்லோஷிப் சான்றிதழும் இல்லை, ஒரு வருட முதுநிலைப் பட்டயமும் இல்லை. பெயரில் ‘எஜுகேஷன்’ இருப்பதாலேயே ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) எழுத முடியாது. தொண்டு நிறுவனம், பாடத்திட்ட வேலை, கல்வி ஆய்வு, அறக்கட்டளை என்று போகிறவர்களுக்கோ பி.எட். அவ்வளவு முக்கியம் இல்லை.

களப்பணி எத்தனை மணி நேரம், இடத்தை யார் முடிவு செய்கிறார்கள்? பாடத்திட்டத்தில் ‘ப்ராஜெக்ட் – 4 கிரெடிட்’ என்று ஒரு வரி இருக்கும். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. ஆக 4 கிரெடிட் என்றால் 120 மணி நேரம். வாரம் 6 மணி நேரம் ஒதுக்க முடிந்தால் 20 வாரம், 4 மணி நேரம்தான் முடியும் என்றால் 30 வாரம். ஒரு செமஸ்டருக்குள் இது அடங்குமா என்று சேருவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம். மணிக்கணக்கைவிடப் பெரிய கேள்வி, இடம். நீங்கள் தேர்ந்தெடுத்த ஊரில் வேலை செய்வதும், நிறுவனம் காட்டிய ஊரில் வேலை செய்வதும் ஒன்றல்ல.

உண்மையான செலவு. கல்விக் கட்டணம் அதில் ஒரு பங்குதான். இழக்கும் சம்பளம், விடுதி, பஸ், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மொழி. வகுப்பு எந்த மொழியில், அறிக்கை எந்த மொழியில், களம் எந்த மொழியில்? மூன்றும் வேறு வேறாக இருந்தால் வேலை இரட்டிப்பாகும். தமிழில் நடந்த பெற்றோர் கூட்டத்தை ஆங்கில அறிக்கையாக மாற்ற, கூட்டம் நடந்த நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பாதியில் நின்றால் என்ன மிஞ்சும்? வீட்டுச் சூழ்நிலை எப்போது மாறும் என்று தெரியாதவர்களுக்கு இதுவே முதல் கேள்வியாக இருக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | பி.எட். (நேரடி) | ஃபெல்லோஷிப் | எம்.ஏ. கல்வி (முழுநேரம்) | பகுதிநேரப் பட்டயம் / சான்றிதழ் |
|---|---|---|---|---|
| காலம் | 2 வருடம் | 2 வருடம் | 2 வருடம் | 6 மாதம் முதல் 1 வருடம். தொலைநிலையில் நீட்டிக்கலாம் |
| பள்ளி ஆசிரியர் தகுதி | உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| களப்பணி | 20 வாரம், பெரும்பாலும் பள்ளிக்குள் | கிட்டத்தட்ட முழு நேரமும் | சில வாரங்கள், ஆய்வு நோக்கில் | 1 ப்ராஜெக்ட், உங்கள் ஊரிலேயே |
| இடம் யார் கையில் | கல்லூரி | நிறுவனம் | பல்கலைக்கழகம், ஓரளவு நீங்கள் | நீங்கள் |
| பணம் | கட்டணம் + ரெக்கார்டு செலவு | மாத உதவித்தொகை வரும் | கட்டணம் அதிகம், உதவித்தொகை வாய்ப்பு உண்டு | குறைந்த கட்டணம், சம்பளம் தொடரும் |
| பாதியில் நின்றால் | எதுவும் இல்லை | அனுபவம் மட்டும் | பெரும்பாலும் இல்லை | சில இடங்களில் சிறு சான்றிதழ் |

## பி.எட்.: சட்டம் கேட்கும் தாள்

என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டு வருடம். இளநிலை அல்லது முதுநிலைப் பட்டத்தில் 50 சதவீதம் வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்கு 55 சதவீதம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநில அரசின் தளர்வு உண்டு. பள்ளியில் செய்யும் பயிற்சி மொத்தம் 20 வாரம்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. வகுப்புக்கு 80 சதவீத வருகையும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகையும் கட்டாயம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. தமிழிலேயே தேர்வு எழுதலாம். இது சின்ன விஷயம் இல்லை.

சமூகக் களப்பணி என்று பார்த்தால் பி.எட். ஏமாற்றம்தான். குடிமைப் பயிற்சி முகாம், ஒரு மாணவரைப் பற்றிய தனியாள் ஆய்வு, செயல் ஆராய்ச்சி ஆகியவை பாடத்தில் இருக்கின்றன. ஆனால் பல இடங்களில் இவை ரெக்கார்டு நோட்டில் தொடங்கி ரெக்கார்டு நோட்டிலேயே முடிந்துவிடும். 16 வாரப் பயிற்சியில் பாடம் எடுக்கும் பீரியட் எண்ணிக்கையை நிரப்பவே நேரம் சரியாக இருக்கும். பெற்றோர் வீட்டுக்குப் போவதெல்லாம் உங்கள் சொந்த ஆர்வம். ஆர்வம் இருந்தால் இடம் உண்டு: அந்த 16 வாரமும் பெரும்பாலும் ஒரே பள்ளியில் இருப்பதால், செயல் ஆராய்ச்சித் தலைப்பை ஊரோடு இணைத்து எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை வராத பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்பது போன்ற தலைப்பை வழிகாட்டி ஆசிரியர் மறுப்பதில்லை. கட்டமைப்பு கல்லூரி தரும், கனம் நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசு நியமித்த குழு கட்டணம் நிர்ணயித்தாலும், ரெக்கார்டு, கற்பித்தல் துணைக்கருவி, முகாம், சீருடை என்று தனித்தனியாக வாங்குவார்கள். சேரும் நாளில் ‘மொத்தம் எவ்வளவு, எதற்கெல்லாம் ரசீது தருவீர்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். ‘வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு வந்தால் போதும்’ என்கிற கல்லூரியைத் தவிருங்கள். அங்கீகாரம் போனால் உங்கள் இரண்டு வருடமும் சேர்ந்து போகும்.

வழக்கமான மூன்று தவறான எண்ணங்கள். ஒன்று, பி.எட். இருந்தால் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆகலாம் என்பது. 2023 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு டி.எல்.எட். போன்ற தொடக்கக் கல்வித் தகுதிதான் வேண்டும். இரண்டு, யார் வேண்டுமானாலும் தொலைநிலையில் பி.எட். படிக்கலாம் என்பது. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆனாலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆனாலும், ஏற்கெனவே நேரடி முறையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும் பயிற்சி பெற்ற பணியிலுள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும்தான் அது. வெறும் பி.ஏ.வோடு சேர முடியாது. மூன்று, ஒரு வருட பி.எட். வந்துவிட்டது என்பது. நான்கு வருடப் பட்டம் அல்லது முதுநிலை முடித்தவர்களுக்கு அப்படி ஒரு படிப்பு 2025-இல் வெளியான வரைவு விதிமுறையில் இருந்தது. வரைவைக் காட்டி முன்பணம் கேட்பவரிடம், அந்தக் கல்லூரிக்கு அந்தப் படிப்புக்கான அங்கீகார ஆணை எண்ணைக் கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

பி.எட். யாருக்கு: அரசுப் பள்ளி வேலை மனதில் இருப்பவர்களுக்கு, மறுபேச்சே இல்லை. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) அறிவிக்கை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும் அன்று சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கிறேன் என்பது உதவாது.

## ஃபெல்லோஷிப்: இரண்டு வருடம் களத்திலேயே

டீச் ஃபார் இந்தியா, காந்தி ஃபெல்லோஷிப் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். இரண்டும் இரு வேறு வேலைகள்.

டீச் ஃபார் இந்தியாவில் நீங்கள் ஒரு வகுப்பின் முழுநேர ஆசிரியர். தமிழ்நாட்டில் அதன் இடம் சென்னை மட்டும்தான். வகுப்புகள் பெரும்பாலும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் ஆங்கில வழி வகுப்புகள். இரண்டாம் வருடத்தில் பள்ளியின் அல்லது அந்தப் பகுதியின் ஒரு தேவையை எடுத்து, ஒரு சமூகத் திட்டத்தை நீங்களே வடிவமைத்து நடத்த வேண்டும். சமூகக் களப்பணி கேட்பவர்களுக்கு இதன் பலம் இந்தத் திட்டம்தான். முதல் வருடம் முழுக்க அதே பிள்ளைகளோடும் அதே தெருவோடும் பழகிய பிறகு திட்டம் தொடங்குவதால், ‘பிரச்சினை என்ன’ என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

பிராமல் அறக்கட்டளையின் காந்தி ஃபெல்லோஷிப் 2008-இல் தொடங்கியது. இங்கே நீங்கள் பாடம் நடத்துபவர் இல்லை. தலைமையாசிரியர்களோடும் கல்வி அலுவலர்களோடும் மாவட்ட நிர்வாகத்தோடும் வேலை. கிராமத்துக் குடும்பம் ஒன்றோடு சில வாரம் தங்கி வாழும் பகுதியும் உண்டு. எந்த மாநிலத்தில் போடுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. வட மாநிலம் என்றால் இந்தி இல்லாமல் முதல் ஆறு மாதம் தள்ளாடும். வயது வரம்பும் இருக்கிறது. அதனால் ‘பி.எட்., எம்.ஏ. எல்லாம் முடித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம்’ என்று இதைத் தள்ளிப்போட முடியாது.

தேர்வு முறை மதிப்பெண்ணைப் பார்ப்பதைவிட ஆளைப் பார்க்கும். டீச் ஃபார் இந்தியாவில் கட்டுரைக் கேள்விகளும் இணையத் தேர்வும் தாண்டினால் அடுத்தது ஆளை வைத்து நடக்கும் மதிப்பீடு. அதில் சில நிமிடம் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். இங்கே பெரும்பாலானோர் செய்யும் பிழை, ‘ஒளிச்சேர்க்கை’ போல ஒரு முழு அத்தியாயத்தையும் ஐந்து நிமிடத்தில் திணிப்பது. ஒரே ஒரு சின்னக் கருத்து போதும்: அரை என்றால் இரண்டு சமமான பங்கு, வெறும் இரண்டு துண்டு அல்ல. ஒரு தாளை ஒரு முறை நடுவிலும் ஒரு முறை ஓரத்திலும் மடித்துக் காட்டி, ‘இதில் எது அரை?’ என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தாலே போதும். பிள்ளைக்குப் புரிந்ததா என்று நீங்கள் சரிபார்க்கிறீர்களா என்பதைத்தான் எதிரே இருப்பவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

மறைந்திருக்கும் செலவு: உதவித்தொகை வரும்தான். அறை வாடகை, சாப்பாடு, பஸ், பிள்ளைகளுக்கு வாங்கும் நோட்டு, ஸ்கெட்ச் எல்லாம் போனால் வீட்டுக்கு அனுப்ப மிச்சம் சொற்பம். தம்பி தங்கை படிப்புச் செலவைத் தாங்கும் நிலையில் இருப்பவர்கள் இதை முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும். சனிக்கிழமையும் மாலையும் பெரும்பாலும் வேலைதான். ‘கூடவே தொலைநிலையில் ஒரு டிகிரி’ என்ற கணக்கு முதல் பருவத் தேர்விலேயே உடையும்.

யாருக்கு: 21 முதல் 25 வயது, குடும்பப் பொறுப்பு குறைவு, கல்வித் துறை தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்கு. ஆசிரியர் வேலைதான் என்று முடிவு செய்துவிட்டவர், இந்த இரண்டு வருடத்துக்குப் பிறகும் பி.எட்.டுக்கு இன்னொரு இரண்டு வருடம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

## எம்.ஏ. கல்வி: கேள்வி கேட்கக் கற்பவர்களுக்கு

2010-இல் கர்நாடகச் சட்டத்தின் வழி உருவான பெங்களூர் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆகியவை இந்த வகையில் அதிகம் விசாரிக்கப்படுபவை. கல்வியின் தத்துவம், சமூகவியல், பாடத்திட்டம், கொள்கை ஆகியவற்றைப் படிப்பதே மையம். களப்பணி உண்டு, ஆனால் நோக்கம் வேறு. ஃபெல்லோஷிப்பில் ‘என்ன செய்தாய்’ என்பார்கள். இங்கே ‘என்ன பார்த்தாய், ஏன் அப்படி’ என்பார்கள். செய்து காட்டத் துடிப்பவர்களுக்கு முதல் செமஸ்டர் எரிச்சலாக இருக்கும்.

அசீம் பிரேம்ஜியில் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கல்விக் கட்டணம், விடுதி, உணவு எல்லாவற்றுக்கும் உதவி கிடைக்க வழி இருக்கிறது. ‘நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது’ என்று கட்டணப் பக்கத்தைப் பார்த்தே விண்ணப்பிக்காமல் விடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. உதவிக்கு வருமானச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், சொத்து விவரம் கேட்பார்கள். தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்று எடுக்க ஆகும் நாட்களையும் கணக்கில் வையுங்கள். வகுப்பு ஜூலை, ஆகஸ்டில்தான் தொடங்கும் என்றாலும் விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே திறந்துவிடும். கடைசி செமஸ்டர் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றால் ஒரு வருடம் போகும்.

பாடமும் விவாதமும் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்க வாசிப்புதான் மலை, பேச்சு அல்ல. சேருவதற்கு முந்தைய மூன்று மாதம் தினம் ஐந்து பக்கம் ஆங்கிலக் கட்டுரை படித்து, பக்கத்துக்கு இரண்டு வரி சாரம் எழுதிப் பழகினால் மலை பாதியாகும்.

இன்னொரு கணக்கு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக எம்.எட். வழிதான் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். 2014 விதிமுறைப்படி, கல்வியின் அடித்தளப் பாடங்களுக்கு 55 சதவீதத்தோடு எம்.ஏ. கல்வியும் பி.எட்.டும் சேர்ந்தாலும் வழி இருக்கிறது. பி.எட். ஏற்கெனவே முடித்தவர்களுக்கு எம்.ஏ. கல்வி வெறும் கூடுதல் பட்டம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

யாருக்கு: ஆய்வு, பாடநூல் தயாரிப்பு, கல்விக் கொள்கை, பெரிய தொண்டு நிறுவனங்கள் என்று போக விரும்புபவர்களுக்கு. ஓரிரு வருடம் களத்தில் இருந்துவிட்டுப் போனால் இரண்டு மடங்கு பலன். கையில் கேள்வி இருப்பவருக்குத்தான் வாசிப்பு ஒட்டும்.

## பகுதிநேரப் பட்டயம், சான்றிதழ்: ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு

ஏற்கெனவே ஆசிரியராக, அங்கன்வாடிப் பணியாளராக, தொண்டு நிறுவன ஊழியராக இருப்பவர்களுக்கு இதுதான் நடைமுறை வழி. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், வேலையில் இருப்பவர்களுக்கென்று ஒரு வருடப் பகுதிநேர முதுநிலைப் பட்டயங்களை நடத்துகிறது. இணைய வகுப்பும் சில நாள் வளாக வகுப்பும் கலந்தவை. சிறு சான்றிதழ்களாகப் பிரித்தும் எடுக்கலாம் என்பதால் பாதியில் நின்றாலும் கையில் ஒன்று மிஞ்சும். இக்னோவில் கல்வித் தொழில்நுட்பம், பள்ளித் தலைமை போன்றவற்றில் முதுநிலைப் பட்டயங்கள் உண்டு. ஜனவரி, ஜூலை என வருடத்துக்கு இரு சேர்க்கை. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும்.

தொலைநிலையிலோ இணைய வழியிலோ சேருபவர்கள் விண்ணப்பத்துக்கு முன்பே ஏ.பி.சி. ஐ.டி.யும் (கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் இணையக் கணக்கின் எண்) டெப் ஐ.டி.யும் (யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிவு செய்யும் எண்) உருவாக்கிவிட வேண்டும். ஆதாரில் இருக்கும் பெயரும் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயரும் இனிஷியல் அளவில்கூட ஒத்துப்போகவில்லை என்றால் இங்கேதான் இடிக்கும். தமிழ்நாட்டில் ஆதாரில் இனிஷியல் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால் என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் கதை. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே சரிசெய்யத் தொடங்குங்கள்.

தொலைநிலைப் படிப்புகளில் ப்ராஜெக்ட் திரும்பி வருவதற்கான வழக்கமான காரணம் தரம் அல்ல, தாள்தான். ஒப்புதல் பெற்ற முன்மொழிவின் மூலப்பிரதி, வழிகாட்டியின் தகுதி விவரமும் கையெழுத்தும், சொந்த வேலை என்ற உறுதிமொழி ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆறு மாதம் தள்ளிப்போகும். முன்மொழிவு ஒப்புதலாகி வருவதற்குள் களத்தில் இறங்கிவிட்டு, பிறகு தலைப்பில் திருத்தம் வந்தால், எடுத்த தரவு முழுதும் வீண்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தொலைநிலைப் படிப்புக்கும் துறை முன் அனுமதி வாங்க வேண்டும். ‘படித்தால் இன்கிரிமென்ட் கிடைக்கும்’ என்று ஓய்வறையில் சொல்லும் மூத்தவர்களின் காலம் வேறு. உயர்கல்விக்கான அந்தப் பழைய ஊக்க ஊதிய உயர்வு முறை தமிழ்நாட்டில் 2020 மார்ச்சிலேயே ரத்தாகிவிட்டது.

யாருக்கு: ஏற்கெனவே ஒரு ஊரில் கால் ஊன்றியவர்களுக்கு. சமூகக் களப்பணியின் ஆழத்தைப் பொறுத்தவரை, நான்கில் இதற்குத்தான் எங்கள் ஓட்டு. பத்து வருடம் அதே ஊரில் இருப்பவர் செய்யும் 120 மணி நேரத் திட்டம், வெளியூரிலிருந்து வருபவரின் இரண்டு வருடத்தைவிட ஆழமாகப் போவது உண்டு. வேலையே இல்லாத, ஊரும் முடிவாகாத புதுப் பட்டதாரி இதில் சேர்ந்தால் மட்டும், சான்றிதழ் ஒரு தாளாகத்தான் மிஞ்சும்.

## விண்ணப்பத்தில் திட்டத்தை எழுதுவது

நான்கில் எதற்குப் போனாலும், ‘நீங்கள் செய்ய நினைக்கும் சமூகத் திட்டம் என்ன’ என்ற கேள்வி ஏதோ ஒரு வடிவில் வரும். விண்ணப்பங்கள் விழும் இடமும் இதுதான். வழக்கமாக வரும் பதில்:

‘கிராமப்புற மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்தி, பெற்றோரிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துதல்.’

இதில் பிள்ளையும் இல்லை, ஊரும் இல்லை, நாளும் இல்லை. அதே எண்ணத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

‘எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 3, 4, 5 வகுப்புகளில் 46 பிள்ளைகள். ஜூன் நான்காம் வாரம் ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்கச் சொல்லி எழுத்து, சொல், பத்தி, கதை என நிலை பிரிப்பேன். சொல்லைத் தாண்டாத சுமார் 20 பேருக்கு ஜூலை முதல் 12 வாரம், வாரம் மூன்று மாலை, 50 நிமிடம். அக்டோபர் இரண்டாம் வாரம் வேறு வாசிப்புத் தாளில் மறு அளவீடு. அந்த 20 வீடுகளுக்கும் இரண்டு முறை போவேன்.’

நேரக் கணக்கு: அளவீடு ஒரு பிள்ளைக்கு 10 நிமிடம், இரண்டு முறை, 15 மணி 20 நிமிடம், 16 மணி நேரம் என்று வைப்போம். வகுப்பு 36, மொத்தம் 30 மணி நேரம். வீடு 40 முறை, அரை மணி வீதம் 20. தயாரிப்பு வாரம் இரண்டு மணி, 24. அறிக்கை 30. கூட்டினால் 120, அதாவது 4 கிரெடிட். செலவு: 20 பிள்ளைகள், 36 வகுப்பு, 720 தாள், ஜெராக்ஸ் 2 ரூபாய் என்றால் 1,440 ரூபாய். இப்படி எண்ணோடு எழுதப்பட்ட விண்ணப்பத்தை மதிப்பிடுபவர் இரண்டாவது முறை படிப்பார்.

நிலை பிரிக்கப் புதிய கருவி உருவாக்க வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு தன் அசர் கணக்கெடுப்பில் பயன்படுத்தும் வாசிப்புத் தாள் தமிழிலேயே இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளும் உண்டு. ஒரே கதையை முன்னும் பின்னும் கொடுத்தால் பிள்ளை இரண்டாம் முறை மனப்பாடமாகச் சொல்லும், உங்களுக்கு முன்னேற்றம் போலத் தெரியும். முடிந்தால் இரண்டாம் அளவீட்டை வேறொருவரைக் கொண்டு செய்யுங்கள். சொல்லிக்கொடுத்தவரே சோதித்தால் வாய் தானாகவே முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்துவிடும். பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ போன்ற அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டங்களும் அதே நேரத்தில் நடப்பதால், முன்னேற்றம் முழுக்க உங்களால்தான் என்று எழுதக் கூடாது. நேர்காணலில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

## அனுமதியும் காலண்டரும்

அரசுப் பள்ளிக்குள் பிள்ளைகளைச் சோதிக்கத் தலைமையாசிரியர் ‘சரி வாங்க’ என்று சொன்னது போதாது. வட்டாரக் கல்வி அலுவலர் அல்லது மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்து அனுமதி வேண்டும். பல பள்ளிகள், பல வட்டாரங்கள் என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். அங்கன்வாடி என்றால் துறையே வேறு. குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் போக வேண்டும். கடிதத்தோடு ஒரு பக்கத் திட்டச் சுருக்கம், கேட்கப்போகும் கேள்விகள், பல்கலைக்கழகக் கடிதம் மூன்றையும் வையுங்கள். புகைப்படம் எடுப்பதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பெற்றோர் சம்மதம் தனியாக வாங்க வேண்டும்.

ஏப்ரலில் ஆர்வமாகக் கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியர், கோடையில் நடக்கும் மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். ஜூலையில் புதியவர் ‘எனக்கு ஒன்றும் தெரியாதே’ என்பார். அதனால் ஒத்துழைப்புக் கடிதத்தில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். திட்டம் சமூகத்தோடு நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

கூட்டத்தை எப்போது வைப்பது என்பதில்தான் வெளியூர்க்காரர் அகப்பட்டுக்கொள்வார். நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் காலையில் பெற்றோர் கூட்டம் போட்டால் பாட்டிகள்தான் வருவார்கள். கிழக்குக் கடற்கரை மீனவ ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகில் போகும் அப்பாக்கள் கரையில் இருக்கும் அரிய 61 நாள் அது, ஆனால் பெரும்பகுதி பள்ளி விடுமுறை. வீட்டுச் சந்திப்புக்கு ஏற்ற காலம், வகுப்புக்கு ஆகாது. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு கிளம்பும் ஊர்களில், பொங்கலுக்குப் பிறகு மறு அளவீடு வைத்தால் பாதிப் பிள்ளைகள் பட்டியலில் மட்டும் இருப்பார்கள்.

கிராம சபை நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேலே சொன்ன திட்டத்தின் காலக்கோட்டில் ஆகஸ்ட் 15-இல் பாதி வேலையும் நவம்பர் 1-இல் முடிவும் கையில் இருக்கும். எத்தனை பிள்ளைகள் எந்த நிலையிலிருந்து எங்கே வந்தார்கள் என்பதை, பெயர் சொல்லாமல், ஒரே தாளில் தமிழில் எழுதி அங்கே படித்துவிட்டு, தீர்மானப் பதிவேட்டில் அது ஏறினால் அந்தப் பக்கத்தின் நகலை அறிக்கையின் பின்னிணைப்பில் வையுங்கள்.